மரம் எதனால் ஆனது?
மண், காற்று, யூரியா பற்றிச் சில குறிப்புகள்

சென்ற இதழில் புலம்பெயர்ந்தோர் அடையாளம் பற்றி எழுதிய நண்பர், 'மண்ணை உண்டு வளர்ந்த மரத்தைப் பிடுங்கி வேறு மண்ணில் நட்டால் அது அதே மரமாக இருக்குமா?' என்று கேட்டிருந்தார். அவருடைய அரசியல் முடிவுகளோடு எனக்குள்ள உடன்பாடும் மாறுபாடும் ஒருபுறமிருக்கட்டும். அவர் ஒரு தாவரவியற் கூற்றை ஆதாரமாகக் கொண்டுதான் அந்த முடிவுகளுக்கு வருகிறார். அந்தக் கூற்று பிழையானது. மரம் மண்ணை உண்பதில்லை. இதை எழுத வேண்டுமா என்று யோசித்தேன். லா சப்பலில் தேநீர் குடித்தபடி இதுபற்றிப் பேசியபோது, கூட இருந்த ஐந்து பேரில் நால்வர் (அவர்களில் இருவர் பட்டதாரிகள்) நண்பரின் பக்கமே நின்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

அவர்களை நான் குறை சொல்லவில்லை. விரிவுரையாளனாக இருந்த காலத்தில் முதலாம் வருட மாணவர்களிடம் ஒவ்வோர் ஆண்டும் இதே கேள்வியைக் கேட்பேன். ஒரு மாங்கொட்டையை நடுகிறோம், இருபது வருடத்தில் அது பல நூறு கிலோ மரமாகிறது. அந்த நிறை எங்கிருந்து வந்தது? க. பொ. த. உயர்தரத்தில் ஒளித்தொகுப்புச் சமன்பாட்டைப் பிழையின்றி எழுதி நல்ல பெறுபேற்றோடு வந்தவர்கள், 'மண்ணிலிருந்து, சேர்' என்பார்கள். சமன்பாடு ஒரு பெட்டியிலும் மாமரம் இன்னொரு பெட்டியிலும் அவர்கள் மனதில் கிடந்தன. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்குமாறு யாரும் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. பிறகு நான் கேட்பேன்: 'அப்படியானால் நூறு வருட ஆலமரத்தைச் சுற்றிக் கிணறுபோல் குழி விழுந்திருக்க வேண்டுமே, ஏன் விழவில்லை?' வகுப்பு சற்று நேரம் அமைதியாகிவிடும்.

குழியைத் தேடிப் பார்த்த முதல் மனிதர்களில் ஒருவர் பிரஸ்ஸல்ஸைச் சேர்ந்த வான் ஹெல்மொன்ற். சூளையில் உலர்த்திய 200 இறாத்தல் மண்ணை ஒரு தொட்டியில் இட்டு, 5 இறாத்தல் நிறையுள்ள வில்லோக் கன்றொன்றை அதில் நட்டார். மழைநீரும் வடித்த நீரும் தவிர வேறெதுவும் ஊற்றவில்லை. தூசி விழாமல் துளையிட்ட தகரத்தால் தொட்டியை மூடினார். ஐந்து வருடங்களின் பின் மரத்தின் நிறை 169 இறாத்தலும் சில அவுன்சும். மண்ணை மீண்டும் உலர்த்தி நிறுத்தபோது அது குறைந்திருந்தது வெறும் 2 அவுன்ஸ். நான்கு இலையுதிர் காலங்களில் உதிர்ந்த இலைகளை அவர் கணக்கிற் சேர்க்கவேயில்லை. ஆகவே, 164 இறாத்தல் மரமும் நீரிலிருந்தே வந்தது என முடிவு கட்டினார். அவருடைய மரணத்தின் பின், 1648இல் வெளியான நூலில் இது பதிவாகியிருக்கிறது.

அவருடைய தராசு சரி, முடிவு பிழை. இதில் வேடிக்கை என்னவென்றால், 'வாயு' என நாம் சொல்வதற்கு ஐரோப்பிய மொழிகளில் இன்று வழங்கும் 'காஸ்' என்ற சொல்லை உருவாக்கியவரே இவர்தான். 62 இறாத்தல் கரியை எரித்து 1 இறாத்தல் சாம்பல் மட்டுமே மிஞ்சியதைக் கண்டு, மீதி 61 இறாத்தலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயுவாகப் போய்விட்டது என எழுதியவரும் இவர்தான். நாம் காபனீரொட்சைட்டு என்பது அதுவே. மரம் வாயுவாகப் போவதைக் கண்டவருக்கு, வாயு மரமாக வருவது தோன்றவில்லை. 1634இல் திருச்சபையால் கைது செய்யப்பட்டு வீட்டுக்காவலில் வைக்கப்பட்டவர் அவர் என்பதால் எனக்கு அவர்மேல் ஒரு தனிப் பரிவு உண்டு. அது வேறு கதை.

விடுபட்ட பாதியை நிரப்ப ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. 1771இல் இங்கிலாந்தில் பிறீஸ்ற்லி, மெழுகுதிரி அணைந்துபோன மூடிய சாடிக்குள் புதினாக் கிளையொன்றை வைத்தார். சில நாட்களின் பின் அதே காற்றில் மெழுகுதிரி மறுபடி எரிந்தது. (பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்த இவரது வீட்டையும் ஆய்வுகூடத்தையும் 1791இல் பேர்மிங்ஹாமில் ஒரு கும்பல் எரித்தது. 1794இல் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தார்.) இது வெளிச்சத்தில், அதுவும் பச்சைப் பாகங்களில் மட்டுமே நடக்கிறது என 1779இல் இங்கன்ஹவுஸ் காட்டினார். தாவரம் காற்றைத் தூய்மை செய்வதற்குக் காபனீரொட்சைட்டு அவசியம் என்று ஜெனீவாவின் செனெபியே 1782இல் எழுதினார். அதே ஊரவரான டு சோசூர் அளந்து விடப்பட்ட வாயுவுள்ள மூடிய பாத்திரங்களில் தாவரங்களை வளர்த்து, உள்ளே போன காபனைவிடத் தாவரத்தின் நிறை கூடுதலாக ஏறியதைக் கண்டு, நீரும் உடலாக மாறுகிறது என 1804இல் நிறுவினார்.

இந்த அளவீடுகளுக்கெல்லாம் அடிப்படையான தராசு வேதியியலைத் தந்த லவுவாசியேயின் கருவிகள் எமக்கு எட்டிய தூரத்திலேயே உள்ளன. லா சப்பலிலிருந்து போபூர் சென்-டெனி வழியாக நேரே தெற்கே இறங்கி, வளைவைத் தாண்டிச் சற்று இடப்புறம் போனால் முக்கால் மணிநேரத்துக்குள் கலை-தொழில் அருங்காட்சியகம். அங்கே அவருடைய தராசுகளும் வாயுமானிகளும் கண்ணாடிக்குள் இருக்கின்றன. 1794 மே 8இல் அவரைக் கில்லட்டினுக்கு அனுப்பினார்கள். குடியரசுக்கு அறிஞர்கள் தேவையில்லை என நீதிபதி சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. அதற்கு ஆதாரம் கிடையாது. அப்படிச் சொல்லாமலே அதைச் செய்து முடித்த இடங்களை நாம் அறிவோம்.

இனிக் கணக்கு. மரத்தின் நீரை முழுதாக உலர்த்தி எடுத்தபின் எஞ்சும் திண்மத்தில் ஏறத்தாழ 45 வீதம் காபன், ஏறத்தாழ அதேயளவு ஒட்சிசன், 6 வீதம் ஐதரசன். காபன் காற்றிலிருந்து. ஐதரசன் நீரிலிருந்து. ஒட்சிசன்? இலை வெளிவிடும் ஒட்சிசன் காபனீரொட்சைட்டிலிருந்து பிரிவது என நீண்டகாலம் எண்ணப்பட்டது. 1941இல் கலிபோர்னியாவில் ரூபனும் காமனும் பாரமான ஒட்சிசன் சமதானியைப் பயன்படுத்தி, வெளிவருவது நீரின் ஒட்சிசனே எனக் காட்டினார்கள். ஆகவே காபனீரொட்சைட்டின் ஒட்சிசன் மரத்திலேயே தங்கிவிடுகிறது. கூட்டிப் பாருங்கள்: உலர்ந்த மரத்தில் பத்தில் ஒன்பது பங்கு, இலையின் நுண்துளைகளூடே காற்றாக உள்ளே வந்தது. வேர் உறிஞ்சும் நீரின் மிகப் பெரும் பகுதியோ அதே துளைகளால் ஆவியாகிப் போய்விடுகிறது. காபனீரொட்சைட்டை உள்ளே விடக் கதவு திறந்தால் நீர் வெளியே போகாமல் இராது. ஒரு கிலோ உலர் திண்மத்துக்குச் சில நூறு லீற்றர் நீரைப் பயிர் செலவிடுவது இதனாலேயே.

காற்றில் காபனீரொட்சைட்டின் அளவு மிகச் சொற்பம். கைத்தொழிற் புரட்சிக்கு முன் பத்து இலட்சத்தில் 280 பங்கு. இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அந்தக் கணக்கில் ஒரு கன மீற்றர் காற்றில் உள்ள காபன் கிராமில் ஐந்திலொன்று. ஒரு கிலோ உலர் விறகை ஆக்க 450 கிராம் காபன் வேண்டும். அதாவது இரண்டாயிரம் கன மீற்றருக்கு மேற்பட்ட காற்றை முழுதாக வடித்தெடுக்க வேண்டும். பாரிஸில் வாடகைக்கு விடச் சட்டம் அனுமதிக்கும் ஆகச் சிறிய அறை 9 சதுர மீற்றர். வந்த புதிதில் அதற்குள் நான்கு பேராகப் படுத்தவர்கள் நம்மில் பலர். அப்படியான நூறு அறைகளின் காற்று ஒரு கிலோ விறகு. அந்தக் காற்றும் ஓரிடத்தில் நிற்பதன்று. இன்று இங்கே நாம் விடும் மூச்சிலுள்ள காபனீரொட்சைட்டு ஓரிரு வருடங்களில் பூமியெங்கும் கலந்துவிடும். சாவகச்சேரியில் அடுத்த வருடம் விரியும் பனங்குருத்துக்குள் லா சப்பல் மூச்சும் கொஞ்சம் இருக்கும். நண்பர் இதைக் கவனிக்க வேண்டும்.

வான் ஹெல்மொன்றின் பரிசோதனையைத் தலைகீழாக நான் தினமும் பார்க்கிறேன். நான் வேலை செய்யும் மரத் தொழிற்சாலையில் சீவல், தூள், துண்டு எல்லாவற்றையும் ஒரு கொதிகலனில் எரித்தே கட்டடத்தைச் சூடாக்குகிறார்கள். சாம்பல் அள்ளுவது முறை வைத்துச் செய்யும் வேலை. ஒரு தொன் உலர்ந்த மரத்துக்கு ஐந்து முதல் பத்துக் கிலோ சாம்பல் வரும், ஒரு வாளி. கல்சியம், பொற்றாசியம், மக்னீசியம், கொஞ்சம் பொசுபரசு. அந்த வாளிதான் மண் கொடுத்தது. மிச்சம் புகைபோக்கியால் வந்த இடத்துக்கே போகிறது.

இவ்வளவோடு நிறுத்தினால் நானும் ஒரு பிழையான கட்டுரை எழுதியவனாவேன். ஏனெனில் அந்த ஒரு வாளி இல்லாவிட்டால் அந்த ஒரு தொன்னும் இல்லை. மேலும் சாம்பலில் அகப்படாத ஒன்று உண்டு. அது எரியும்போது புகையோடு போய்விடுகிறது: நைதரசன். உலர் திண்மத்தில் அது ஓரிரு வீதம். புரதமும் பச்சையமும் அது இல்லாமல் இல்லை. காற்றில் 78 வீதம் நைதரசன். ஆயினும் இலையால் அதைத் தொடவே முடியாது. பயிர் நைதரசனுக்குள் மூழ்கியிருந்தபடியே நைதரசன் இல்லாமல் மஞ்சளித்துச் சாகும்.

இதை நிறுத்துப் பார்த்தவர் பூசங்கோ. மேற்சொன்ன அருங்காட்சியகம் இருக்கும் அதே கலை-தொழிற் கல்லூரியில் பல வருடம் கற்பித்தவர். அல்சாஸில் தன் பண்ணையில் வயலுக்குள் போகும் எருவையும் வெளியே வரும் விளைச்சலையும் பகுத்து, வரவு-செலவு ஏடு எழுதினார். வளமற்ற மணலில் வளர்ந்த குளோவரும் பயறினமும் நைதரசனைக் கூட்டிக்கொண்டன; கோதுமை கூட்டவில்லை என 1838இல் அறிவித்தார். காரணம் அவருக்குத் தெரியவில்லை. 1880களில் ஹெல்றீகலும் வில்ஃபார்த்தும் அவரையினத்தின் வேர்முடிச்சுகளிலுள்ள பற்றீரியாக்களே அதைச் செய்கின்றன எனக் கண்டார்கள். தாவரங்களுக்கு உப்புகள் போதும், மக்கிய மண்ணிலிருந்து காபன் வேண்டியதில்லை என லீபிக் 1840இல் ஓங்கி அடித்த அடியில் பசளைக் கைத்தொழில் பிறந்தது. அவருடைய பெயர் நிலைத்தது. பொறுமையாக நிறுத்த பூசங்கோவின் பெயரைத் தாவரவியல் மாணவர்களும் அறியார்.

இப்போது வலிகாமத்துக்கு வருவோம். சுண்ணாம்புப் பாறைமேல் மெல்லிய செம்பாட்டு மண். ஆறு என்று சொல்லத்தக்கது கிடையாது, எல்லாம் கிணறு. இந்த மண்ணில் ஆண்டுக்கு இரண்டு, மூன்று போகம் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் எடுக்கப்பட்டது எப்படி? பூவரசங்குழை, வேப்பங்குழை, முள்முருக்கு, கிளிரிசீடியா ஆகியவற்றை வெட்டித் தாழ்த்தார்கள். வேலி அடைத்துப் பழசான பனையோலையையும் புதைத்தார்கள். ஆடு மாடுகளைப் பட்டி அடைத்தார்கள். வயலில் சணல் விதைத்துப் பூக்கமுன் உழுது மடக்கினார்கள். முள்முருக்கும் கிளிரிசீடியாவும் சணலும் அவரையினம் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பூவரசும் பனையும் வேறு வேலை செய்தன: ஆழத்திலும் வேலியோரத்திலும் பரந்துகிடந்த சிறு பங்குகளைத் திரட்டித் தோட்டத்துக்குள் கொண்டுவந்தன. ஆகவே, தோட்டத்தின் செழிப்பு தோட்டத்து மண்ணின் குணம் மட்டுமன்று. வேறெங்கோ இருந்து அள்ளிவரப்பட்டது அது. அந்தக் குழையை வெட்டி, கட்டி, தலையில் சுமந்து, மிதித்துத் தாழ்த்த கைகளும் கால்களும் யாருடையவை, தோட்டம் யாருடைய பெயரில் இருந்தது என்பதை நமது 'மண்வாசனை' எழுத்தாளர்கள் வசதியாக மறந்துவிடுவார்கள். மண்ணின் வளம் என்று நாம் சொன்னதில் ஒரு பகுதி, கூலி சரிவரக் கொடுக்கப்படாத உழைப்பு.

பின்னர் யூரியா வந்தது. அதில் 46 வீதம் நைதரசன். ஒரு மூட்டையைச் சைக்கிளின் பின் கட்டிவரலாம். ஜேர்மனியில் ஹேபர் 1909இல் காற்றின் நைதரசனை அமோனியாவாக மாற்றிக் காட்டினார்; 1913இல் ஒப்பாவில் ஆலை எழுந்தது. இன்று உலக மக்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேரின் உணவு இந்த வழியால் வரும் நைதரசனில் தங்கியிருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். அதே அமோனியாவிலிருந்து முதலாம் உலகப்போரின் வெடிமருந்தும் வந்தது. 1915இல் ஈப்ரில் நச்சுவாயுத் தாக்குதலை முன்னின்று நடத்தியவரும் இதே ஹேபர்தான். யூதராகப் பிறந்த அவர் 1933இல் நாட்டைவிட்டு வெளியேறி, அடுத்த ஆண்டே பாசலில் இறந்தார்.

பசளையும் வெடிமருந்தும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பதை நாம் புத்தகத்தில் படித்து அறிய வேண்டியிருக்கவில்லை. 1990இல் யுத்தம் மீண்டும் தொடங்கியபின் வடக்குக்குத் தடைசெய்யப்பட்ட பொருட்களின் பட்டியலில் பசளையும் இருந்தது. வெடிபொருள் செய்வார்கள் என்பதே சொல்லப்பட்ட காரணம். 2001இல் துலூசில் அமோனியம் நைத்திரேற்று வெடித்து 31 பேர் இறந்ததைப் பார்த்தபோது, அந்தக் காரணம் முழுப்பொய் அன்று என்பதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் ஒரு குடாநாட்டு மக்களின் முழுப் பயிரையும் அதற்காகப் பணயம் வைத்தார்கள். உள்ளே வந்த கொஞ்சநஞ்சப் பொருளுக்கும் உள்ளே இருந்தவர்கள் வரி எடுத்தார்கள். எங்கள் வீட்டார் மறுபடி குழைக்குப் போனார்கள். ஆனால் வேலிகள் முன்போல் இல்லை. பனைகள் பங்கருக்குத் தறிக்கப்பட்டிருந்தன. குழை சுமந்தவர்கள் சுமக்கத் தயாராக இருக்கவுமில்லை, இருக்க வேண்டியதுமில்லை.

அக்காலத்தில் நாங்கள் மாணவர்களாக ஒரு பகிடி சொல்வோம். யூரியா என்ற பொருள் பிரித்தெடுக்கப்பட்டது மனிதச் சிறுநீரிலிருந்து. 1773இல், இதே பாரிஸில், ரூவெல் என்பவரால். வளர்ந்த மனிதனொருவன் நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் யூரியாவைக் கழிக்கிறான். தடைசெய்யப்பட்ட பொருளை ஒவ்வொருவரும் வயிற்றுக்குள் வைத்துத்தான் சோதனைச்சாவடியைக் கடந்தோம்.

தடை ஒரு பக்கம் என்றால், தடையில்லாக் காலத்தின் கணக்கு இன்னொரு பக்கம். பயிர் எடுக்காத நைதரசன் நைத்திரேற்றாக மாறும். அது நீரோடு இறங்கும். சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளூடே நேரே கிணற்றுக்குப் போகும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருத்தல் ஆகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்க முடியாமற் போவதே முதன்மையான ஆபத்து. வலிகாமத்தின் செறிவான தோட்டப் பகுதிகளில் பல கிணறுகள் இந்த எல்லையைத் தாண்டியிருப்பது 1980களிலிருந்தே அளந்து எழுதப்பட்டிருக்கிறது. இதற்கு யூரியா மட்டும் காரணமன்று. அளவுக்கு மிஞ்சிய மாட்டெருவும் கிணற்றோர மலசலகூடக் குழிகளும் அதே நைத்திரேற்றைத்தான் தருகின்றன. நைதரசனுக்குச் சாணியிலிருந்து வந்தேனா சாக்கிலிருந்து வந்தேனா என்ற நினைவு கிடையாது.

இதை விளங்காமல் ஒரு நாட்டை நடத்தினால் என்ன ஆகும் என்பதை 2021இல் பார்த்தோம். அந்த ஆண்டு மே மாதத்தில் கோத்தாபய அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே வர்த்தமானியால் நிறுத்தியது. மக்களின் ஆரோக்கியம் என்றார்கள். கையிருப்பில் டொலர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். எளிய கணக்கு ஒன்று போதுமாயிருந்தது. ஹெக்டயர் நெல்லுக்கு 100 கிலோ நைதரசன் என்றால் நாலரை மூட்டை யூரியா. ஒன்றரை வீத நைதரசனுள்ள கூட்டெருவில் அதைக் கொடுக்க, உலர்ந்த நிறையில் ஏழு தொன் வேண்டும். அதுவும் முதற்போகத்தில் ஒரு பகுதியையே விடும். பெரும்போகத்தில் விதைக்கப்படுவது ஏழு இலட்சம் ஹெக்டயருக்கு மேல். சுமார் ஐம்பது இலட்சம் தொன் கூட்டெரு ஆறு மாதத்தில் எங்கிருந்து வரும்? அந்தக் கூட்டெருவுக்கான நைதரசன் எந்த நிலத்திலிருந்து வரும்? நவம்பரில் தடையை விலக்கினார்கள். அதற்குள் பெரும்போகம் கெட்டுவிட்டது. 2022இல் நாடு அரிசிக்குக் கையேந்தியது. இயற்கை விவசாயத்தை ஆதரிக்கும் நண்பர்கள் இந்தத் தடையைத் தம் வெற்றியாக முதலில் கொண்டாடியது எனக்கு இன்னும் வருத்தம். அவர்கள் நாடுவதை, அவரையினப் பயிரைச் சுழற்சிக்குள் கொண்டுவந்து இருபது வருடத்தில் செய்திருக்கலாம். வர்த்தமானியால் வேர்முடிச்சு உண்டாகாது.

இன்று நாம் குடியிருக்கும் இந்தப் பகுதிக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. லா சப்பலிலிருந்து கிழக்கே சிறிது தூரத்தில் மோன்போக்கோன் என்ற இடத்தில்தான், 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை, பாரிஸ் நகரத்து மலம் முழுவதும் கொட்டப்பட்டு, உலர்த்தப்பட்டு, தூளாக்கப்பட்டு, கமக்காரர்களுக்கு விற்கப்பட்டது. நாற்றம் தாங்காமல் பின்னர் பொண்டிக்கு மாற்றினார்கள். நகரம் தின்ற நைதரசனும் பொசுபரசும் அரைகுறையாகவேனும் வயலுக்குத் திரும்பிய காலம் அது. இன்று கட்டுநாயக்காவிலிருந்து விமானத்தில் வரும் ஒரு கிலோ பொன்னாங்காணியில் பெரும்பகுதி நீர். காபன் வானத்துக்குரியது, நாம் அதை மூச்சாகத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். ஆனால் அதிலுள்ள சில கிராம் நைதரசனும் பொற்றாசியமும் கொஞ்சம் பொசுபரசும் ஊர் நிலத்துக்குத் திரும்பப் போவதில்லை. சேன் நதிப்பக்கம் உள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். நண்பர் 'மண்ணைப் பிரிந்தோம்' என்று எழுதுகையில், வாராவாரம் அந்த மண்ணின் மிக அரிய பங்கைத்தான் நாம் பையில் வாங்கிப் போகிறோம் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அந்தத் தேநீர் உரையாடலில் என்னோடு ஒத்துப்போன ஐந்தாமவர் கடைசியில் வேறொரு விசயத்துக்கு வந்தார். 'மாஸ்ரர், எங்கட வீட்டுக் கறிவேப்பிலை மூன்று வருசமா அப்பிடியே நிக்குது. ஒவ்வொரு வருசமும் மண் மாத்துறன். உங்கட பக்டரிச் சாம்பல் கொஞ்சம் கொண்டுவந்து தாங்கோவன்.' சாம்பல் வேண்டாம் என்றேன். அதில் நைதரசன் இல்லை, காரம் கூட, கறிவேப்பிலைக்கு அது ஒத்துவராது. சாடி எங்கே இருக்கிறது என்று கேட்டேன். குசினியில், உள்முற்றம் பார்த்த யன்னலடியில். மார்கழியில் பாரிஸில் பகல் எட்டுமணி நேரம். உள்முற்றத்தில் அதிலும் பாதி. சூட்டில் வைத்திருப்பதால் கன்று சுவாசித்துக்கொண்டே இருக்கிறது. சேர்த்த காபன் வெளிச்சம் இல்லாமல் செலவாகிப் போகிறது. தெற்குப் பார்த்த அறை யன்னலுக்கு மாற்றி, பங்குனிவரை தண்ணீரைக் குறைத்து, தளிர் விடத் தொடங்கியபின் பத்து மடங்கு நீர் கலந்த சிறுநீர் மாதம் ஒருமுறை ஊற்றச் சொன்னேன். அந்தக் கடைசிப் பகுதியை மனைவியிடம் சொல்வதில்லை என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்.